வேர்க்காத கைகள்

பிரேமிளாக்கா காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டார். பின்னேரம் வேலையெல்லாம் முடிந்து குளித்த பிறகுதான் தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தொடுவார். நகத்தை எப்போதும் ஒட்ட வெட்டியிருப்பார். உருத்திரபுரத்தில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்ததாக, வாய்க்கால் கரையோடு இருக்கிறது அவருடைய வீடு. இரண்டு ஏக்கர் வயல், நான்கு மாடுகள், ஒரு காலில் செயற்கைக் கால் போட்ட கணவர் நிரஞ்சன் என்று அவருடைய நாட்கள் போகின்றன. வயல்வேலை செய்கிற பெண்ணுக்கு எண்ணெயிலும் நகத்திலும் எதற்கு இத்தனை கட்டுப்பாடு என்று இங்கே பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் கிளிநொச்சியில் சாதாரணதரம் படித்த வருடம் எங்கள் வகுப்பைப் படம் பிடித்த ஸ்ரூடியோவில், இருட்டறைக்குள் இருந்தவர் இவர்தான்.

பிரேமிளாக்காவின் பெற்றோர் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வெளியேறி, தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறினார்கள். அப்போது இவருக்குப் பதினொரு வயது. பதினெட்டாவது வயதில் கிளிநொச்சி ரவுணில் விமலா ஸ்ரூடியோவுக்குக் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனார்.

ஸ்ரூடியோக்காரர் சிற்றம்பலம் யாழ்ப்பாணத்தார். மனைவி விமலேஸ்வரியின் பெயரைத்தான் கடைக்கு வைத்திருந்தார். அவரிடம் மூன்று கால் வைத்த பெரிய மரக் கமரா ஒன்று இருந்தது. கறுத்தத் துணிக்குள் தலையை விட்டுத்தான் அதில் பார்க்க வேண்டும். அந்தக் கமராவுக்குச் சுருள் பிலிம் கிடையாது. விரித்த கையளவில் தனித்தனித் தாளாக வரும் பிலிம். ஒரு தாளுக்கு ஒரு படம். ஒவ்வொரு தாளையும் கும்மிருட்டில் பெட்டியிலிருந்து எடுத்து, மெல்லிய மரச்சட்டம் ஒன்றுக்குள் விளிம்போடு விளிம்பாக நுழைத்து, அதன்மேல் மூடுதகட்டை இறக்க வேண்டும். பிறகுதான் அந்தச் சட்டத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம்.

சிற்றம்பலத்தாருக்கு வேறு எந்தக் குறையும் இல்லை, உள்ளங்கை வேர்ப்பதைத் தவிர. சாதாரண வேர்வையல்ல. கைலேஞ்சியைப் பிழிந்தால் சொட்டும். கலியாணப் படமொன்றில் மணப்பெண்ணின் கன்னத்தில் அவருடைய பெருவிரல் ரேகை வட்ட வட்டமாக விழுந்து, மாப்பிள்ளை வீட்டார் கடை வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்கள். அதற்கடுத்த நாள் அவர் பிரேமிளாக்காவைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இஞ்ச வா. கையைக் காட்டு பாப்பம்.”

எதையாவது உடைத்துவிட்டோமோ என்று பயந்துகொண்டே இவர் இரண்டு கையையும் நீட்டினார். சிற்றம்பலத்தார் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

“நல்ல காஞ்ச கை. உனக்கு வேர்க்கிறேல்லையோ?”

“இல்லீங்க முதலாளி. எங்கம்மாவுக்கும் இப்படித்தான்.”

“அப்ப நாளைக்குத் தலைக்கு எண்ணெய் வையாமல் வா. நகத்தையும் வெட்டிக்கொண்டு வா.”

அப்படித்தான் அவர் இருட்டறைக்குள் போனார். பழுதான பிலிமை வைத்து முதல்நாள் பழகும்போது சிற்றம்பலத்தார் கதவுக்கு வெளியே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு பிலிமின் ஓரத்திலும், ஒரு மூலையை ஒட்டிச் சின்ன வெட்டுகள் இருக்கும். இருட்டில் விரலால் தடவி அந்த வெட்டைக் கண்டுபிடித்து, அது வலப்பக்க மேல்மூலைக்கு வரும்படி தாளைப் பிடித்தால், மருந்து பூசிய பக்கம் பிடித்திருப்பவரைப் பார்த்திருக்கும். அந்தப் பக்கம்தான் படம் விழும் பக்கம்.

“வெட்டு வலப்பக்கம் மேலேயோ?” என்று வெளியிலிருந்து கேட்பார்.

“ஆமாங்க.”

“அப்ப மருந்துப் பக்கம் உன்ர முகத்தைப் பாக்குது. நீயும் அதைப் பாக்கிறதா நினைச்சுக்கொள். பயப்பிடாத.”

ஒரு வாரத்தில் கை படிந்துவிட்டது. ஆனால் ஒருநாள் விமலேஸ்வரி அம்மா, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் கதவைத் திறந்துவிட்டார். திறந்திருந்த பெட்டியில் மிச்சமிருந்த பிலிம் அத்தனையும் வெளிச்சம் பட்டு வீணாகிப் போயின. அன்றே சிற்றம்பலத்தார் ஒரு விதி வைத்தார். இருட்டறைக்குள் நிற்கும்வரை பிரேமிளா சத்தமாக ஏதாவது கதைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தனியே நின்று எதைக் கதைப்பது? இவருக்குப் பாட்டு வராது. தேவாரமும் பாதிதான் தெரியும். கடைசியில் ரயில் நிலையங்களின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். குடும்பத்தோடு மலையை விட்டு இறங்கிய அன்று, யன்னலோரம் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே வந்த பெயர்கள் அவை. தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன் என்று ஒவ்வொரு பிலிமுக்கும் ஒவ்வொரு ஊராகச் சொல்லி நாவலப்பிட்டியில் முடிப்பார். அதற்குள் சட்டங்கள் எல்லாம் நிரம்பிவிடும்.

ஒருநாள் காலை அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த ஒருவர் வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார். உள்ளே, “ஹட்டன்… வட்டவளை…” என்று குரல் போனது.

“ஹட்டனுக்கு அடுத்தது ரொசெல்ல,” என்றது வெளியிலிருந்து ஓர் ஆண்குரல். “அங்க ரயில் நிக்காமப் போயிருச்சுங்களா?”

பிரேமிளாக்காவின் கையிலிருந்த பிலிம் நழுவித் தரையில் விழுந்தது. கும்மிருட்டில் முழங்காலில் இருந்து தடவித் தேடி எடுத்தார். எடுத்ததில் மண் ஒட்டியிருந்தது. வேலை முடித்து வெளியே வந்தவர், வாங்கில் இருந்த ஆளிடம் நேராகப் போனார்.

“உங்களால ஒரு பிலிம் போச்சு.”

“மன்னிச்சுக்கங்க. நானும் அந்தப் பக்கம்தான். வட்டவளை. நம்ம ஊர்ப் பேரு கேட்டு எவ்வளவோ நாளாச்சு.”

அவர்தான் நிரஞ்சன். தர்மபுரத்தில் இன்னொருவரின் உழவு இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். அடையாள அட்டைப் படம் ஒருதடவை எடுத்தால் போதும். அவர் பிறகும் பலதடவை வந்தார். படம் கழுவியாச்சா என்று கேட்பார். சட்டம் போடக் கொடுக்கலாமா என்று கேட்பார். உள்ளே பிரேமிளா இருட்டில் நின்றால் வாங்கில் இருந்து கதவோடு கதைப்பார். முகம் தெரியாமல் கதைக்கும்போது ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்கவில்லை என்று பிரேமிளாக்கா சொல்வார். லயத்தில் பசி கிடந்த கதை, தகப்பன் குடித்த கதை, வன்னிக்கு வந்த புதிதில் பாம்புக்குப் பயந்து மரத்தில் கட்டிய பரணில் படுத்த கதை எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் போய் வந்தன.

“வெளிச்சத்துல வச்சுக் கேட்டிருந்தா இவருகிட்ட ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன் ரீச்சர்,” என்று பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். தோட்டத்துப் பேச்சும் வன்னிப் பேச்சும் அவருடைய வாயில் கலந்தே வரும்.

அடுத்த வருடம் கந்தசுவாமி கோயிலில் கலியாணம். தன் செலவில் படம் எடுத்துத் தருகிறேன் என்று சிற்றம்பலத்தார் சொல்லியிருந்தார். ஆனால் பிலிம் போட ஆள் இல்லை. அவர் போட்டால் மணமக்கள் முகத்தில் கைரேகைதான் வரும். ஆகவே கலியாணத்தன்று காலை, கூறைச்சேலை உடுத்துத் தலை நிறையப் பூவோடு பிரேமிளாக்காவே இருட்டறைக்குள் போனார்.

“கலியாணப் பொம்பிளையை இருட்டுக்குள்ள விட்டுப் பூட்டுற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்,” என்று விமலேஸ்வரி அம்மா கணவனை ஏசினார்.

உள்ளே வளையல்கள் சட்டத்தில் தட்டுப்பட, அவற்றைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்தார். வாய் வேலையாக இருந்ததால் அன்றைக்கு ரயில் நிலையம் சொல்ல முடியவில்லை. விமலேஸ்வரி அம்மா கதவில் முதுகைச் சாய்த்துக் காவல் நின்றார்.

அந்தப் படம் மிக நன்றாக வந்திருந்ததாம். நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளில் வன்னிக்குப் பொருட்கள் வருவது தடைப்பட்டது. சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றறி எல்லாம் அருமையாகின. மின்சாரம் இல்லை. சின்னக் கமரா வைத்திருந்த ஸ்ரூடியோக்கள் படத்தைப் பெரிதாக்க மின்விளக்கு இல்லாமல் ஒவ்வொன்றாக மூடின. சிற்றம்பலத்தாரின் மரக் கமராவுக்கு அந்தத் தொல்லை இல்லை. படத்தின் அளவுதான் பிலிமின் அளவு. கழுவிய பிலிமைப் படத்தாளின் மேல் வைத்து, சுவரில் போட்ட துவாரத்தைத் திறந்து சூரிய வெளிச்சத்தை ஒரு நொடி விட்டால் படம் விழுந்துவிடும். மற்ற வேலைக்கு ஜாம்போத்தல் விளக்கு. அதைச் சுற்றிச் சிவப்புக் கண்ணாடித் தாள்.

ஆனால் பிலிமும் ஒருநாள் தீர்ந்தது. அப்போது பிரேமிளாக்காவின் மூத்த பிள்ளை அஜந்தனுக்குக் கை முறிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே அறையில் இருந்தவர் இருட்டுக்குள் போய் ஒரு பெரிய பிலிம் தாளைத் தகரச் சட்டத்துக்குள் போட்டுக் கொண்டுவருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார் பிரேமிளாக்கா. பிள்ளையின் கைக்கு மாக்கட்டுப் போட்டு வீட்டில் விட்டதும் நேரே ஸ்ரூடியோவுக்குப் போனார்.

“முதலாளி, அதுவும் நம்ம பிலிம் மாதிரித்தாங்க. ரொம்பப் பெரிசு. வெட்டினா என்ன?”

சிற்றம்பலத்தார் போய்ப் பெரிய டொக்டரிடம் கேட்டார். பாவனைக் காலம் முடிந்து, எறிவதற்காக ஒதுக்கி வைத்திருந்த இரண்டு பெட்டிகளை அவர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது. விளக்கடியிலேயே வெட்டலாம். ஆனால் இரண்டு பக்கமும் மருந்து. எங்கே பட்டாலும் கீறும். பிரேமிளாக்கா தன் பழைய சேலையொன்றை மேசையில் விரித்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி விளிம்பில் மட்டும் பிடித்து வெட்டி எடுத்தார்.

அந்தப் பிலிமில்தான் எங்கள் வகுப்பைப் படம் பிடித்தார்கள். பள்ளிக்கூட முற்றத்து வேம்பின் கீழ் வாங்கு போட்டு எங்களை மூன்று வரிசையாக நிறுத்தினார்கள். சிற்றம்பலத்தார் கறுத்தத் துணிக்குள் தலையை விட்டார். பக்கத்தில் மரச்சட்டங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு மெலிந்த பெண் நின்றார். இரண்டு கிழமை கழித்துப் படம் வந்தபோது வகுப்பே சிரித்து உருண்டது. எக்ஸ்ரே பிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாதாம். எங்கள் சிவப்புக் கழுத்துப்பட்டிகள் கறுப்பாகி இருந்தன. எல்லாருடைய உதடுகளும் நாவல்பழம் தின்ற மாதிரி. ரீச்சர்மாரின் குங்குமப்பொட்டுகள் கரிப்பொட்டுகள். பள்ளிக்கூடத்திலேயே சிவந்த ஆள் என்று பெயர் எடுத்த அதிபர்தான் படத்தில் எல்லாரிலும் கறுத்து இருந்தார்.

சிரித்தோமே தவிர எல்லாரும் ஒவ்வொரு பிரதி வாங்கினோம். அந்தப் படத்தில் இருந்த பலர் இப்போது இல்லை. என் பிரதியும் இல்லை. இருந்தாலும் கண்ணை மூடினால் அந்தக் கறுத்த உதடுகளோடுதான் அவர்கள் எனக்குத் தெரிகிறார்கள்.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது நிரஞ்சனின் உழவு இயந்திரப் பெட்டியில் மரக் கமராவும் மல்லாவிக்குப் போனது. சமாதான காலத்தில் திரும்பி வந்தது. அப்போது தாள் பிலிமைத் தேடுவார் யாருமில்லை. கலர்ப் படங்களுக்கு ஆட்கள் வவுனியாவுக்குப் போனார்கள். ஆனாலும் சிற்றம்பலத்தார் கமராவைத் துடைத்துக் கடை முகப்பில் நிறுத்தி வைத்திருந்தார். இரண்டாயிரத்தேழில் அவர் நெஞ்சு வருத்தத்தில் காலமானார். விமலேஸ்வரி அம்மா கனடாவில் இருக்கும் மகளிடம் போகும்போது கமராவையும், அத்தனை வருடத்துப் பிலிம்களையும் பிரேமிளாக்காவிடம் விட்டுப் போனார்.

அடுத்த வருடம் மறுபடி இடம்பெயர்வு. விசுவமடுவில் உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் முடிந்த இடத்தில், தறப்பாளால் மூடிக் கமராவை விட்டுவிட்டு நடந்தார்கள். பிலிம் பெட்டிகளைப் புதுக்குடியிருப்பு வரை தூக்கினார்கள். அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடக்கத்தான் முடிந்தது. முள்ளிவாய்க்காலில் நிரஞ்சனின் இடது கால் போனது. பிரேமிளாக்காவின் வலது சுட்டுவிரலிலும் ஒரு சிறு துண்டு பட்டது. விரல் ஆறிவிட்டது. நுனி மட்டும் மரத்துப்போய் விட்டது. அஜந்தன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். மகள் அனோஜா வவுனியாவில் தாதி. “எனக்கு ரெண்டும் மிஞ்சிச்சு. அதுக்குமேல நான் எதையும் கேக்கப்படாது,” என்பார் பிரேமிளாக்கா. அந்தக் கடற்கரைப் பக்கம் அவர்கள் இருவரும் பிறகு போனதேயில்லை.

போன வருடம் மாரி தொடங்குவதற்கு முன் என் சின்னம்மாவின் மகள் சுமித்திரா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாள். அவள் ஓவிய ஆசிரியை. எங்கோ வெளிநாட்டிலிருந்து மடிக்கிற மரக் கமரா ஒன்றை வாங்கி, வன்னியில் உழைக்கிற பெண்களைத் தாள் பிலிமில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டில்தான் தங்கினாள். பிலிம் மாற்றுவதற்குக் கை நுழைக்கும் கறுத்தப் பை ஒன்று வைத்திருந்தாள். வந்த அன்றே அதன் சிப் பிய்ந்துவிட்டது.

“அக்கா, இஞ்ச எங்கயாவது யன்னல் இல்லாத அறை இருக்கோ?” என்று கேட்டாள்.

நான் அவளைப் பிரேமிளாக்காவிடம் கூட்டிப்போனேன். அவருடைய நெல்லறைக்கு யன்னல் இல்லை. சுமித்திரா மேசையில் வைத்த பிலிம் பெட்டியைப் பார்த்ததும் பிரேமிளாக்கா கையைச் சேலையில் துடைத்தார். பிறகு எழும்பிப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“இதெல்லாம் இன்னும் செய்யிறாங்களா?”

“ஓம் அன்ரி. செய்யினம். கொஞ்சம் சின்ன அளவு.”

“நான் ஒருக்காப் போட்டுப் பாக்கட்டுமா பிள்ள?”

சுமித்திரா யோசிக்காமல் சட்டங்களை அவரிடமே கொடுத்தாள். கதவிடுக்குகளில் சாக்கை அடைத்தோம். நிரஞ்சன் அண்ணை கதிரையை இழுத்து வாசலை மறித்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார். உள்ளே சத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் தொண்டையைச் செருமினார்.

“என்ன, தலவாக்கலையில இருந்து ரயில் கிளம்பலயா?”

உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்டது. பிறகு மெதுவாக ஊர்ப்பெயர்கள் வரத் தொடங்கின. ஹட்டனுக்கு அடுத்து ஒரு இடைவெளி. நிரஞ்சன் அண்ணை வாயைத் திறக்க முன்னரே, “ரொசெல்ல, ரொசெல்ல, தெரியும்,” என்றார் உள்ளே இருந்தவர். சுமித்திராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பிறகு சொல்கிறேன் என்று கை காட்டினேன்.

அடுத்த நாள் சுமித்திரா அந்தச் சட்டங்களோடு தண்ணீரூற்றுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் போய்ப் படம் எடுத்துவிட்டு, அப்படியே யாழ்ப்பாணம் போனாள். போய் ஒரு கிழமையில் எனக்கு ரெலிபோன் எடுத்தாள். சில பிலிம்கள் பின்புறமாகப் போடப்பட்டிருக்கின்றன, படம் மங்கலாக, இடம்வலம் மாறி விழுந்திருக்கிறது என்றாள். அவற்றில் ஒன்று முள்ளிவாய்க்காலில் கிழிந்த வலை பொத்தும் ஜெகதீஸ்வரி என்ற பெண்ணின் படம். அந்தப் பயணத்திலேயே அவளுக்கு ஆகப் பிடித்த படம் அதுதான்.

“அன்ரிக்குச் சொல்லாதேங்கோ அக்கா. நானும் இப்பிடி எத்தினையோ பழுதாக்கினனான்.”

ஆனால் பிரேமிளாக்கா படம் எப்படி வந்தது என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. சொன்னேன். அவர் தன் வலது சுட்டுவிரலைப் பார்த்தார். இடது கை நகத்தால் அதன் நுனியைக் குத்திப் பார்த்தார்.

“வெட்டு அங்கதான் இருக்குன்னு இது எனக்குச் சொல்லிச்சு ரீச்சர். நான் நம்பிட்டேன்.”

அதற்குப் பிறகு பல நாட்கள் அவர் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. வாய்க்காலில் கண்டாலும் மாட்டைச் சாட்டாக வைத்து விலகிப் போனார். விதைப்பு முடிந்து மழையும் பிடித்துவிட்டது. ஒருநாள் நிரஞ்சன் அண்ணை குடையோடு வாசலில் வந்து நின்றார்.

“ரீச்சர், அந்தப் பிள்ள பழுதான பிலிம் ஏதும் விட்டுட்டுப் போச்சா? இவ கேக்கிறா. எதுக்குன்னு என்னட்டச் சொல்லல, கண்ணை மூடிக்கிட்டுப் பழைய கலியாண அழைப்பிதழை வச்சுத் தடவிக்கிட்டே இருக்கிறா.”

சுமித்திரா விட்டுப்போன இரண்டு தாள்களைத் தேடிக் கொடுத்தேன். மறுநாள் பிரேமிளாக்கா தானே வந்தார். முகம் தெளிந்திருந்தது.

இடது கை விரலால் வெட்டைத் தேடப் பழகிக்கொண்டாராம். ஆனால் அதை மட்டும் நம்ப அவருக்கு மனமில்லை. அப்போதுதான் சிற்றம்பலத்தார், பிலிமுக்கு முன்னிருந்த கண்ணாடித் தகட்டுக் காலத்தில் செய்ததாகச் சொன்ன ஒரு வழி நினைவுக்கு வந்திருக்கிறது. வேர்த்த விரலுக்கு ஒன்றும் பிடிபடாது என்பதால் அவர் உதட்டைப் பாவித்தாராம். கீழுதட்டை நாக்கால் நனைத்து, பிலிமின் ஓரத்தை மெல்ல ஒற்றினால் மருந்துப் பக்கம் இலேசாக ஒட்டும். மற்றப் பக்கம் வழுக்கும்.

“விரல் பொய் சொன்னாலும் உதடு சொல்லாதாம். முதலாளி சொல்லுவாரு. அப்ப நான் சிரிச்சேன்.” பிறகு, “அந்தப் பிள்ளையை வரச் சொல்லுங்க. அந்தப் படத்தத் திரும்ப எடுக்கணும்,” என்றார்.

தைப்பொங்கல் முடிந்து சுமித்திரா வந்தாள். புதுப் பையும் கொண்டுவந்திருந்தாள். ஆனால் அதை எடுக்கவில்லை. நெல்லறையைத்தான் கேட்டாள்.

“எடுக்கலாம் அன்ரி. ஆனா திரும்ப முள்ளிவாய்க்காலுக்குத்தான் போகவேணும்.”

நிரஞ்சன் அண்ணை தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். அவர் மேசையில் கிடந்த சட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்.

“நானும் வாரேன். என் கையாலேயே கொண்டு வந்து குடுக்கிறேன்.”

“அங்கயா?” என்றார் நிரஞ்சன் அண்ணை.

“பிழை விட்டது நான்தானே?”

நிரஞ்சன் அண்ணை வரவில்லை. தடுக்கவும் இல்லை. நாங்கள் மூன்று பெண்களும் ஒரு வாடகை வான் வண்டியில் புறப்பட்டோம். பிலிம் போட்ட சட்டங்களைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார் பிரேமிளாக்கா. பரந்தன் தாண்டியதிலிருந்து யன்னல் பக்கம் திரும்பவில்லை. விசுவமடுவில் மட்டும், “இந்த இடத்துக்கிட்டத்தான் கமராவை விட்டோம். மழை நனையக்கூடாதுன்னு மூடி, கயிறெல்லாம் கட்டி வச்சேன்,” என்றார். அந்த இடத்தில் இப்போது ஒரு ஹாட்வெயார் கடை நிற்கிறது.

முள்ளிவாய்க்காலில் கடற்காற்று பலமாக வீசியது. மணல் பறந்தது. வண்டியை விட்டு இறங்கியதும் நான் பிரேமிளாக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கோ கையில் இருந்த சட்டங்களின் கவலை. சட்டத்துக்குள் ஒரு மணல் போனால் போதும், பிலிம் கீறிவிடும். முதுகைக் காற்றுக்குக் கொடுத்து, சேலைத் தலைப்பால் சட்டங்களை மூடிக்கொண்டு நடந்தார். வள்ளங்களுக்கு இடையில், தறப்பாள் நிழலில் ஜெகதீஸ்வரி வலை பொத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். எங்களைக் கண்டதும் ஊசியைக் கீழே வைத்தார்.

“என்ன, போன படம் சரிவரேல்லையோ? நான் வடிவில்லை எண்டு எறிஞ்சுபோட்டீங்களோ?”

சுமித்திரா வாயெடுக்கு முன் பிரேமிளாக்கா முந்திக்கொண்டார். “படத்துல பிழை இல்லீங்க. பிலிமை நான் பின்புறமா போட்டுட்டேன். அதான் நானே வந்தேன்.”

ஜெகதீஸ்வரி அவரை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். “அதுக்கெண்டே இவ்வளவு தூரம் வந்தனீங்களோ? சரி, எடுங்கோ. இந்தமுறை தலை வாரி இழுத்திருக்கிறன்.”

சுமித்திரா துணிக்குள் தலையை விட்டு, வெளியே வந்து, கையை நீட்டினாள். பிரேமிளாக்கா சட்டத்தைக் கொடுத்தார். தகடு உருவப்பட்டது. ஜெகதீஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கமரா ‘கிளிக்’ என்றது. தகடு மறுபடி கறுத்த விளிம்பு வெளியே தெரிய இறங்கியது. எடுத்து முடிந்த பிலிமின் அடையாளம் அது. அதைப் பார்த்த பிறகுதான் பிரேமிளாக்கா தன் மூச்சை விட்டார். நான்கு படம் எடுத்தார்கள்.

பிறகு ஜெகதீஸ்வரி பிளேன்ரீ ஊற்றித் தந்தார். பிரேமிளாக்கா கோப்பையை வைத்துக்கொண்டு முதல்தடவையாகக் கடலைப் பார்த்தார்.

“நீங்களும் அந்த நேரம் இஞ்ச நிண்டனீங்களோ?” என்று ஜெகதீஸ்வரி கேட்டார்.

“ஓம்.”

“எவடத்தில?”

பிரேமிளாக்கா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். “தெரியலயே. எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கு. அப்ப சனம்தான் தெரிஞ்சுது, இடம் தெரியல.”

ஜெகதீஸ்வரி தலையாட்டினார். தன் கருவாட்டுப் பெட்டியிலிருந்து நான்கு பாரைக் கருவாட்டை எடுத்துப் பேப்பரில் சுற்றி அவருடைய பையில் வைத்தார். “வீட்டுக்காரருக்குச் சமைச்சுக் குடுங்கோ.”

சுமித்திராவிடம் இன்னும் ஒரு சட்டம் மீதியிருந்தது. “அன்ரி, நீங்கள் அந்த வள்ளத்துக்குப் பக்கத்தில நில்லுங்கோ. ஒண்டு எடுப்பம்.”

“இங்க வேணாம் பிள்ள,” என்றார் பிரேமிளாக்கா உடனே. “எடுக்கிறதுன்னா வீட்டுல எடு. அவரோட.”

யாழ்ப்பாணத்தில் கழுவியபோது ஜெகதீஸ்வரியின் நான்கு படங்களும் சரியாக வந்தன. சுமித்திரா அதை ரெலிபோனில் சொன்னபோது பிரேமிளாக்கா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். வாளியை வைத்துவிட்டு, “எல்லாமா? நாலுமா?” என்று இரண்டு தடவை கேட்டார். இப்போது சுமித்திரா வன்னிக்கு வரும்போதெல்லாம் அவரும் கூடப் போகிறார். மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று சுற்றுகிறார்கள். கடைசியாகத் தோட்டத்தில் வெங்காயம் கிண்டியெடுக்கும் பெண்களை எடுத்துவிட்டு வந்து, மூன்று நாள் அந்தக் கதைதான்.

கணவனும் மனைவியும் நிற்கும் படம், முள்ளிவாய்க்கால் போய் வந்த மறுநாள் காலை எடுத்தது. வயல் வரம்பில், முற்றிச் சாய்ந்த நெல்லுக்கு முன்னால் நிறுத்தினாள் சுமித்திரா. வெயில் இன்னும் ஏறவில்லை. அந்த வெளிச்சத்துக்குக் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்க வேண்டும் என்று சொல்லி வைத்தாள். பிரேமிளாக்கா ஒரு மரம் போல் நின்றார். நிரஞ்சன் அண்ணைக்கு ஒற்றைக் காலில் பாரம் தாங்கவில்லையா, அல்லது மனைவியின் காதில் ஏதோ சொல்லப் போனாரா தெரியவில்லை. சரியாகக் கமராவின் கண் திறந்திருந்த நேரம் தலையைத் திருப்பிவிட்டார்.

படத்தில் பிரேமிளாக்காவின் புருவ மயிர்கூட எண்ணலாம். நெற்கதிரின் கூர் ஒவ்வொன்றும் தெரிகிறது. நிரஞ்சன் அண்ணைக்கு மட்டும் முகம் இல்லை. கழுத்துக்கு மேலே புகை மாதிரி ஒரு அசைவு, அவ்வளவுதான். சுமித்திரா திரும்ப எடுத்துத் தருகிறேன் என்றாள்.

“வேணாம், வேணாம்,” என்று பிரேமிளாக்கா பறித்துக்கொண்டார். “இந்த மனுசன் எந்த நாள்ல ஒழுங்கா நிண்டிருக்கிறாரு? இதுல இருக்கிறது அவரேதான்.”

நிரஞ்சன் அண்ணை படத்தைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். “எனக்கு வயசே தெரியல,” என்றார்.